பார்மேட் அடிக்கும் முன்

2025 ஆகஸ்ட் 25, திங்கள்

கடை திறந்த கையோடு போன். பாலாற்றை ஒட்டி ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தோல்ஷாப்பிலிருந்து மேனேஜர் பாய் பேசினார். கெமிக்கல் ஸ்டோரில் இருக்கும் சிஸ்டம் நினைத்த நேரத்தில் அணைந்து, தானே திரும்ப ஏறுகிறதாம். “வந்து ஒரு பார்மேட் அடிச்சுக் குடுத்துடுங்க தம்பி, வேலை நிக்குது.” ஜூலையில் ஒருவர் வந்து அதைத்தான் செய்துவிட்டுப் போயிருக்கிறார். ரம்ஜான் சமயத்தில் இன்னொருவர். இரண்டு தடவையும் சில நாள் ஓடி, பிறகு பழையபடியே ஆகிவிட்டது.

யாரும் எதையும் தொட வேண்டாம், முதலில் லாக் எடுக்கிறேன், பார்மேட் தேவையா என்று அப்புறம் பார்க்கலாம் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். பார்மேட் அடித்தால் நோய் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நோய்க்குறிப்பு மட்டும் போய் நோய் அங்கேயே இருந்துவிடுகிறது. இந்த ஊரில் எத்தனை சிஸ்டத்தை இப்படிக் காரணம் தெரியாமலே பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஸ்டோர் அறைக்கும் சுண்ணாம்பு டிரம்கள் ஓடும் கொட்டகைக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவரின் மேல்பக்கம் ஜன்னல், கதவே இல்லாமல் திறந்து கிடக்கிறது. உள்ளே நுழைந்ததும் அழுகின முட்டை வாடை. எந்த டிரம்முக்கு எத்தனை கிலோ சோடியம் சல்பைடு, எத்தனை கிலோ சுண்ணாம்பு, எவ்வளவு குரோம் போனது என்ற கணக்கை அந்த சிஸ்டத்தில்தான் ஏற்றுகிறார்கள். ஏற்றுகிற பெண் சின்ன வயது, பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். சிஸ்டம் அணையும்போது சேமிக்காத வரிகள் போய்விடுகின்றன, மாதக் கடைசியில் ஸ்டாக் கணக்கு உதைக்கிறது. அவர்தான் பட்டனை அழுத்தி அணைக்கிறார், ஒழுங்காக ஷட்டவுன் செய்யத் தெரியவில்லை என்று ஆளாளுக்குச் சொல்லி, போன மாதச் சம்பளத்தில் பிடித்தமும் செய்துவிட்டார்கள். “நான் அந்த பட்டன் பக்கமே போகலண்ணா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

ஈவென்ட் வியூவரைத் திறந்து, ‘சிஸ்டம்’ மேல் ரைட் கிளிக் செய்து, ‘சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ்’. அதேபோல் ‘அப்ளிகேஷன்’. இரண்டையும் இவிடிஎக்ஸ் கோப்பாகவே பென் டிரைவில் போட்டேன். பழுதுபட்ட சிஸ்டத்தின் டிஸ்கிலேயே சேமிக்கக் கூடாது. அந்த டிஸ்கே நாளைக்கு எழுந்திருக்காமல் போகலாம். சேமிக்கும்போது விளக்க வரிகளையும் சேர்க்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும், இங்கிலீஷைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது சில பதிவுகளுக்கு எண் மட்டும் வரும், என்ன ஏது என்ற வரி வராது. டிஎக்ஸ்டியாக்கில் ‘சேவ் ஆல் இன்ஃபர்மேஷன்’ அழுத்தி அந்த டெக்ஸ்ட் கோப்பையும் எடுத்துக்கொண்டேன். மினிடம்ப் ஃபோல்டர் காலி. நீலத்திரை விழுந்த சிஸ்டமாக இருந்தால் அங்கே ஏதாவது இருந்திருக்கும்.

கடைசியாக, சிஸ்டத்தின் கடிகாரத்தையும் என் போனின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்து ஒரு போட்டோ. சிஸ்டம் நாலு நிமிஷம் பின்னால் ஓடுகிறது. பட்டன் பேட்டரி (அந்த 3 வோல்ட் சிஆர்2032தான்) தேய்ந்திருக்கும். லாக்கில் உள்ள ஒவ்வொரு நேரத்தையும் வெளி உலகத்தோடு பொருத்த அந்த நாலு நிமிஷம் தேவைப்படும்.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

பகல் முழுக்க அந்த லாக்கோடுதான் போனது. கடையில் வேலை பழகும் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

லாக்கின் முதல் வரி ஜூலை 9. அன்றைக்குத்தான் பார்மேட் அடித்திருக்கிறார்கள். அதற்கு முந்தையது எல்லாம் துடைத்தாகிவிட்டது. பார்மேட் அடிக்காவிட்டாலும் லாக் நெடுநாள் நிற்காது என்பதைத் தம்பிக்குச் சொன்னேன். சிஸ்டம் லாக்குக்கு விண்டோஸ் ஒதுக்கி வைத்திருப்பது 20 எம்பி. நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதும். 1993-இல் விண்டோஸ் என்டி வந்த நாளிலிருந்தே இந்தப் பதிவேடு உள்ளே இருக்கிறது. விஸ்டா வந்தபோது இப்போதைய வடிவத்துக்கு மாறியது. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த வழி விண்டோஸ் ஓடும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கு நடந்ததைத் தானே எழுதி வைக்கிறது. சர்வீஸ் செய்கிற நாம்தான் அதைத் திறப்பதில்லை.

வடிகட்டிப் பார்த்தால் ஜூலை 9 முதல் நேற்று வரை 41 என்ற எண் 31 தடவை. கெர்னல்-பவர் 41. மேலோட்டமாகத் திறந்தால், ஒழுங்காக மூடாமல் சிஸ்டம் மறுபடி தொடங்கியது என்று ஒரே வாக்கியம். இதை மட்டும் படித்துவிட்டுத்தான் எஸ்எம்பிஎஸ் போச்சு, ராம் போச்சு, விண்டோஸ் போச்சு என்று ஆளுக்கொன்று சொல்லுவார்கள். விஷயம் ‘டீடெயில்ஸ்’ தாவலுக்குள் இருக்கிறது. அங்கே ‘பக்செக் கோட்’ என்ற இடத்தில் 0 என்றால், நீலத்திரை விழவில்லை, மின்சாரம் சட்டென்று அறுந்தது அல்லது மெஷின் அப்படியே உறைந்து நின்றது என்று கொள்ளலாம். 292 என்று இருந்திருந்தால் கதை வேறு. நீலத்திரையில் 0எக்ஸ்124 என்று வரும் ஹார்டுவேர் பிழையையே லாக் தசம எண்ணாக மாற்றி 292 என்று எழுதும். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் இணையத்தில் தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்குக் கீழே ‘பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்’. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால் அந்த நேரம் ஒரு நீண்ட எண்ணாக இங்கே விழுந்திருக்கும். 31 பதிவிலும் 0. இன்னும் கீழே, நீண்ட நேரம் பட்டன் அழுத்தப்பட்டதா என்பதற்கு 31 பதிவிலும் ‘ஃபால்ஸ்’.

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அந்தக்கா மேல தப்பே இல்லண்ணா!” அவசரப்படாதே என்றேன். சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்கினாலும் இந்த இடத்தில் 0தான் இருக்கும். பட்டனை யாரும் அழுத்தவில்லை என்பது வரைக்கும்தான் லாக் சொல்லும். அது சொல்லாததை நாம் சேர்த்துச் சொல்லக் கூடாது.

ஏன் டெக்ஸ்ட் கோப்பாக எடுக்கவில்லை என்று கேட்டான். வாட்ஸ்அப்பில் அனுப்ப அதுதான் வசதி, உண்மைதான். ஆனால் டெக்ஸ்ட்டாகவோ சிஎஸ்வியாகவோ எடுத்தால் 41-இன் அந்த ஒற்றை வாக்கியம் வரும். உள்ளே இருக்கும் பட்டன் விவரம் வராது. அந்தப் பெண்ணின் சம்பளப் பிடித்தம் முழுக்க அந்த வராத வரியில்தான் தொங்குகிறது.

இன்னொன்றும் அவன் கற்க வேண்டியிருந்தது. 41-இன் பக்கத்தில் உள்ள நேரம் சிஸ்டம் அணைந்த நேரம் அல்ல, மறுபடி ஏறிய நேரம். உயிர் போகிற கணத்தில் எழுதி வைக்க அதற்கு அவகாசம் ஏது? திரும்ப எழுந்த பிறகுதான், முன்பு சரியாக மூடவில்லையே என்று கண்டு எழுதுகிறது. அணைந்த நேரம் வேண்டுமென்றால் 6008-ஐப் பார்க்க வேண்டும். முந்தைய எதிர்பாராத நிறுத்தம் இத்தனை மணிக்கு என்று அதன் வாக்கியத்துக்குள்ளே இருக்கும், அதுவும் ஒன்றிரண்டு நிமிஷம் முன்பின்னாக. அந்த நேரங்களை எல்லாம் நோட்டில் எழுதி, நாலு நிமிஷம் கூட்டினோம். பாதிக்கு மேல் காலை எட்டு முதல் எட்டரைக்குள். மிச்சம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணியை ஒட்டி.

வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுகூட இல்லை. இந்தத் தோல்ஷாப்பில் வெள்ளி விடுமுறை, ஸ்டோரை மட்டும் கணக்குப் பார்க்கக் காலையில் திறப்பார்கள். சிஸ்டம் அன்று ஓடியிருக்கிறது. எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று நண்பகலில் குறிக்கும் 6013 எல்லா வெள்ளியும் இருக்கிறது. அதே அறை, அதே மெஷின், அதே பெண். டிரம் மட்டும்தான் ஓடவில்லை.

மாலையில் கடை சாத்தும்போது ஒன்றைக் கவனித்தேன். தினமும் ஐந்தே காலுக்குப் பக்கத்தில் 1074. ஒரு பயனர் முறைப்படி ஷட்டவுன் கொடுத்தால் அவர் பெயரோடு விழும் பதிவு அது. வேலை நாள் எதிலும் அது விட்டுப்போகவில்லை. ஷட்டவுன் செய்யத் தெரியாது என்று பேர் வாங்கிய பெண்.


ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கடை அரைநாள்தான். அமெரிக்கா இந்தியச் சரக்குக்குப் போட்ட வரி இன்றிலிருந்து 50 சதவீதம். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் பராமரிப்பு பார்க்கும் நண்பன் வந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். ஆர்டரைப் பொறுத்திருந்து பார்ப்போம் என்று வாங்குகிறவர்கள் சொன்னால், இங்கே அப்பர் தைக்கிற பெண்களுக்கு ஓவர்டைம் போய்விடும், அடுத்து ஷிஃப்டும் போகும். இந்த நேரத்தில் ஒரு கம்பெனி காரணம் தெரியாமல் சிஸ்டத்தை மாற்றக் கூடாது. காரணம் தெரியாமல் ஒருவர் சம்பளத்தில் கையும் வைக்கக் கூடாது.


ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் மறுபடி தோல்ஷாப்பு. டிரம் கொட்டகை மேஸ்திரியிடம் லோடு நோட்டு இருக்கிறது. எந்த டிரம் எத்தனை மணிக்குச் சுற்ற ஆரம்பித்தது என்று பேனாவால் எழுதிய நோட்டு. அவருக்கு என் லாக் எதற்கு என்று புரியவில்லை, எனக்கு அவர் நோட்டு பொக்கிஷம். பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தோம். முழு லோடோடு மூன்றாம் நம்பர் டிரம் கிளம்பும் நேரமும் சிஸ்டம் சாகும் நேரமும் அப்படியே ஒத்துப்போகின்றன. ஒன்றிரண்டு பொருந்தவில்லை. அவற்றையும் ‘பொருந்தவில்லை’ என்றே எழுதி வைத்தேன்.

பெரிய மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல ஆறேழு மடங்கு இழுக்கும். அந்தக் கணம் லைனில் வோல்டேஜ் குழி விழும். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் நல்ல நிலையில் இருந்தால் சுமார் 16 மில்லிசெகண்டு தாங்கும். நம் மின்சாரத்தில் ஒரு சுழற்சியே 20 மில்லிசெகண்டு. நடுவில் யூபிஎஸ் இருக்கிறதே என்றார் பாய். இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு இன்னும் என்னிடம் சாட்சி இல்லை.

டிஸ்கின் ஆரோக்கியத்தை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தேன். 05, சி5, சி6 மூன்றும் சுத்தம். தட்டில் கோளாறு இல்லை. ஆனால் சி7 ஏறிக் கிடக்கிறது. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும் வழியில் எத்தனை தடவை பிழை விழுந்தது என்ற எண்ணிக்கை அது. டிஸ்க் போனதற்கான அடையாளம் அல்ல, பெரும்பாலும் கேபிளோ முனையோ சரியில்லை என்பதற்கான அடையாளம். இந்த எண் ஏறும், ஒருநாளும் இறங்காது. அதனால் ஒரு தடவை பார்ப்பதில் பயனே இல்லை. இன்றைய எண்ணைச் சேமித்து, கேபிளை மாற்றி, சில நாள் கழித்து மறுபடி எடுத்து, நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். ‘எடிட்’ மெனுவில் ‘காப்பி’ கொடுத்தால் முழு அறிக்கையும் டெக்ஸ்ட்டாக வரும். நோட்பேடில் ஒட்டி, சிஸ்டத்தின் பெயரையும் தேதியையும் போட்டுச் சேமித்தேன்.

கேபிளைக் கழற்றினால் முனை கறுத்திருக்கிறது. அறையின் பித்தளைப் பூட்டும் கறுப்பு. அந்தப் பெண் சொன்னார், “இங்க வேலைக்குச் சேந்ததுல இருந்து கொலுசு போடறதில்லண்ணா. ஒரே வாரத்துல கறுத்துடுது.”

காரணம் புரிய அது போதுமானதாக இருந்தது. தோலிலிருந்து மயிரைக் கழற்ற சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். பிறகு சுண்ணாம்பை நீக்க அமோனியம் உப்புகள் போடும்போது காரத்தன்மை இறங்கி, தங்கியிருந்த சல்பைடு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகக் கிளம்புகிறது. கொலுசின் வெள்ளியை அது கறுப்பாக்குகிறது. போர்டில் கடுகளவு இருக்கும் ரெசிஸ்டர்களின் முனைகளிலும் வெள்ளிதான். அங்கே அது சில்வர் சல்பைடாகி இணைப்பையே அறுத்துவிடும். செம்புத் தடங்களில் பட்டால் உப்புப்போல ஊர்ந்து பரவி, தொடக் கூடாத இரண்டு தடங்களைத் தொட வைக்கும். 2006 ஜூலை 1-இல் ஐரோப்பாவின் ஈயத்தடை அமலானபோது பல போர்டுகளுக்கு வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகக் காற்றுள்ள இடங்களில் அவை சீக்கிரமே செத்தன. கருவி வைக்கும் அறைகளின் காற்றைத் தரம் பிரிக்க ஐஎஸ்ஏ 71.04 என்று ஒரு விதி உண்டு. செம்புத் துண்டைத் தொங்கவிட்டு, மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் அரிப்பு இருந்தால் ஜி1, பயமில்லை. கடைசிப் படி ஜிஎக்ஸ். ஹைட்ரஜன் சல்பைடு நூறு கோடியில் 50 பங்கைத் தொட்டாலே அந்தக் கடைசிப் படிதான்.

மெஷினுக்கு இவ்வளவு கணக்கு பார்க்கும்போது, நாள் முழுக்க அங்கே உட்காரும் மனுஷிக்கு? தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் எட்டு மணி நேரத்துக்கான வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. போர்டைக் கொல்லும் அளவைவிட அது 200 மடங்கு. ஆகவே கொலுசு கறுத்ததாலேயே வரம்பு மீறிவிட்டது என்று சொல்ல முடியாது. மீறவில்லை என்றும் சொல்ல முடியாது. வாடையை நம்பவும் வழியில்லை, செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். அளந்து பதிந்தால்தான் தெரியும். கையில் எடுத்துப்போகும் வாயு மீட்டர் ஒன்று ஆபீஸ் அலமாரியில் இருக்கிறதாம், அதற்குள்ளேயே லாக் உண்டு. ஸ்டோரில் வைத்து ஓடவிடுங்கள் என்று பாயிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் மறுக்கவில்லை.

திரும்பும் வழியில்தான் தேதி உறைத்தது. 1996-இல் இதே ஆகஸ்ட் 28-இல்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பதை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. அதில் ஏறியிருக்கும் எண்களைப் பாருங்கள்: தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பாழ், ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். யாரோ வயல் வயலாக நடந்து, அளந்து, எழுதி, பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்த எண்கள் டெல்லி வரை போயின. இந்த வருஷம் ஜனவரி 30-இலும் வேலூர்த் தோல் கழிவுகள் பற்றி அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. என் அப்பா காலத்தில் பாலாற்றங்கரைக் கிணற்று நீரைக் குடித்தார்கள்.


ஆகஸ்ட் 29, வெள்ளி

ஸ்டோர் மத்தியானமே பூட்டுகிறார்கள் என்பதால் மெஷினைக் கடைக்குக் கொண்டுவர அனுமதி வாங்கினேன். ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 போட்டு விட்டேன், இரவு முழுக்க ஓடும். விண்டோஸ் ஏறாமலே பென் டிரைவிலிருந்து ஓடுவதால், அறிக்கையையும் அதே பென் டிரைவில் சேமித்துக்கொடுக்கும்.


ஆகஸ்ட் 30, சனி

ராமில் பிழை இல்லை. அறிக்கையைச் சேமித்துக்கொண்டேன், “நல்லாத்தான் இருக்கு” என்று வாயால் சொல்வதும், இத்தனை மணி நேரம் ஓடி இத்தனை பிழை என்று தாளில் இருப்பதும் ஒன்றல்ல. பூதக்கண்ணாடியில் போர்டைப் பார்த்தேன். ஓரத்தில் கறுப்பு ஆரம்பித்திருக்கிறது, இன்னும் ஆழம் போகவில்லை. சாட்டா கேபிள் புதிது, பட்டன் பேட்டரி புதிது. நேரத்தைச் சரிசெய்தபோது, நேரம் மாற்றப்பட்டது என்று அந்தச் சங்கதியையும் லாக் தனியே குறித்துக்கொண்டது.

திரும்ப ஸ்டோரில் வைக்கும்போது, பழைய யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு என் கடையின் யூஎஸ்பி முனையுள்ள யூபிஎஸ்ஸை மாட்டினேன். அதன் மென்பொருள் உள்ளே வரும் வோல்டேஜை நாளெல்லாம் பதிந்துகொண்டே இருக்கும். பழையதன் பேட்டரியைத் தனியே சோதித்தேன். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, சுமை கொடுத்ததும் படுத்துவிட்டது. செத்த பேட்டரி உள்ள யூபிஎஸ், யூபிஎஸ்ஸே இல்லாததைவிடக் கெடுதல். லைனில் குழி விழுந்ததும் நான் தாங்குகிறேன் என்று பேட்டரிக்குத் தாவும், அங்கே ஒன்றும் இருக்காது. எஸ்எம்பிஎஸ் சமாளித்திருக்கக்கூடிய குழியில்கூட மெஷின் விழும்.


செப்டம்பர் 2, செவ்வாய்

யூபிஎஸ் லாக்கைச் சிஎஸ்வியாக எடுத்தேன். காலை எட்டேகாலுக்கும் மத்தியானம் இரண்டுக்கும் வரும் மின்சாரம் 230-இலிருந்து 150-க்கும் கீழே ஒரு கணம் சரிந்து எழுகிறது. மேஸ்திரி நோட்டில் அதே நேரங்களில் மூன்றாம் நம்பர். சிஸ்டத்தின் லாக்கில் புதிதாக ஒரு 41 கூட இல்லை, ஏனென்றால் இந்த யூபிஎஸ் தாங்கிவிட்டது. சி7 நேற்றும் இன்றும் அதே எண்ணில் நிற்கிறது.

எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிப்போய்ச் சரிவைக் காட்டினேன். பேனலைத் திறந்த உடனே கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் நம்பரின் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் டைமர் கெட்டிருக்கிறது. டிரம் வேகம் பிடிக்கும் முன்பே டெல்டாவுக்குத் தாவுகிறது. போதாததற்கு ஸ்டோரின் லைனும் அதே ஃபீடரில். “இத யாரும் எங்கிட்ட சொல்லலியே” என்றார். அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பார்கள்? கம்ப்யூட்டர் கோளாறு என்று எங்களைப் போன்றவர்களை அல்லவா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாய்க்கு வேறு ஒரு கவலை. அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு நிற்கிறது, இந்த மெஷினில் விண்டோஸ் 11 ஏறாது, எப்படியும் புதிது வாங்கத்தானே வேண்டும் என்றார். வாங்கலாம், ஆனால் இந்த அறையில் வைக்காதீர்கள் என்றேன். இந்தக் காற்றில் புதிது பழையதைவிடச் சீக்கிரம் போனாலும் ஆச்சரியமில்லை. டிரம் கொட்டகைக்கு எதிர்ப்பக்கம், சாலையைப் பார்த்த ஆபீஸ் அறையில் மெஷின் இருக்கட்டும். எடை போடும் இடத்துக்கு ஒரு திரையும் கீபோர்டும் நீட்டினால் போதும். அந்தப் பெண்ணின் நாற்காலியும் முடிந்தவரை அந்தப் பக்கம் போகட்டும்.


செப்டம்பர் 4, வியாழன்

நாளை மீலாது நபி, ஊர் விடுமுறை. அறிக்கையை இன்றே முடித்துவிட உட்கார்ந்தேன்.

எதைச் சேர்ப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. மூலக் கோப்புகள் தொடப்படாமல் ஒரு ஃபோல்டரில். நான் திறந்து வடிகட்டிய நகல்கள் இன்னொரு ஃபோல்டரில். ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுத்துத் தாளில் அச்சடித்தேன். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியாக வைக்கக் கேட்கும் சான்றிதழிலும் ஹாஷ் எண்ணுக்கு இடம் இருக்கிறது. இது கோர்ட்டுக்குப் போகிற விஷயம் இல்லைதான். ஆனாலும் ஒருவர்மேல் பழி இருக்கும்போது, அதை நீக்க வைக்கிற காகிதம் கோர்ட்டில் நிற்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நேரம் பற்றி ஒரு குறிப்பும் சேர்த்தேன். லாக்கின் உள்ளே நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. திறக்கிற கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நேரத்தில் காட்டும். இங்கே ஐந்தரை மணி கூட்டிக் காட்டுவதை இத்தாலியில் இருக்கும் வாங்குபவர் திறந்தால் வேறு நேரமாகத் தெரியும். ஆனால் 6008-இன் வாக்கியத்துக்குள் இருக்கும் நேரம் இந்த ஊர் நேரமாகவே நிற்கும். இரண்டையும் கலந்து படித்தால் கணக்குப் பிசகும். ஆகஸ்ட் 30-க்கு முந்தைய நேரங்களுக்கு நாலு நிமிஷம் கூட்டியிருப்பதையும், அதற்கு ஆதாரமான போட்டோவையும் வைத்தேன்.

லாக்கை யாரும் அழிக்கவில்லை என்றும் எழுதினேன். சிஸ்டம் லாக்கை அழித்தால், அழித்தார்கள் என்பதே 104 என்ற எண்ணில் முதல் வரியாக விழும். அப்படி ஒன்று இல்லை.


செப்டம்பர் 6, சனி

பாயிடம் அறிக்கையைக் கொடுத்தேன். அந்தப் பெண்ணையும் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரைப் பற்றிய தாளை அவர் இல்லாமல் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பட்டன் வரிக்கு வந்ததும் நிறுத்தி, “அப்ப இந்தப் புள்ள தொடவே இல்லையா?” என்றார். பட்டனைத் தொடவில்லை என்று லாக் சொல்கிறது பாய், பிளக் பற்றி லாக் சொல்லாது, அதை மேஸ்திரி நோட்டும் யூபிஎஸ்ஸும் சொல்கின்றன என்று மூன்றையும் பக்கத்தில் பக்கம் காட்டினேன். பிடித்தத்தை இந்த மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி அங்கேயே கணக்கரைக் கூப்பிட்டார். வாயு மீட்டரை இன்னும் ஓடவிடவில்லை. அதைத் திரும்பக் கேட்டேன், சார்ஜர் தேடுகிறோம் என்றார்கள். திங்களன்று நானே சார்ஜர் கொண்டுபோகிறேன்.

அந்தப் பெண் ஒன்று கேட்டார்: “இத நானே எடுத்து வெச்சுக்க முடியுமாண்ணா?” சொல்லிக்கொடுத்தேன். சிஸ்டம் லாக்கின் அளவை 20 எம்பியிலிருந்து 128 எம்பிக்கு உயர்த்தினோம். சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ், பென் டிரைவ், கோப்பின் பெயரில் சிஸ்டம், வருஷம், மாதம், தேதி. இரண்டாம் தடவை நான் வாயே திறக்கவில்லை, அவரே செய்தார். கம்பெனிகள் தங்கள் சிஸ்டங்களின் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவு போட்டிருப்பதையும் பாயிடம் சொன்னேன். மாதம் ஒரு தடவை எடுத்து வைக்கும் பொறுப்பை அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார்.

டைமர் திங்களன்று வருகிறது, தனி ஃபீடருக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் புதன் கேட்டிருக்கிறார். அதன்பின் என் யூபிஎஸ்ஸைக் கழற்றி, அவர்களுடையதில் புது பேட்டரி போட்டு மாட்ட வேண்டும். இரண்டு வாரம் முழு லோடில் ஓடட்டும். மறுபடி லாக் எடுத்து, 41-உம் இல்லை, சி7-உம் ஏறவில்லை என்றால் பில் போடுவேன்.